எட்டாங்கட்டை நெய்

அத்தையிடம் யாரும் சும்மா "வெங்காயம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. எந்த ஊர் வெங்காயம் என்று சொல்லியாக வேண்டும். சொன்னது தப்பாக இருந்தால் அன்றைக்கு அந்தக் கடையில் வியாபாரம் படுத்துவிடும்.

இங்கே மலேசியாவில், சிரம்பான் பாசாரில், அதாவது சந்தையில், ஒரு மளிகைக் கடைக்காரர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். அட்டையில் "பம்பாய் வெங்காயம்" என்று எழுதி மூட்டையில் செருகி வைத்திருந்தார். அத்தை ஒரு வெங்காயத்தை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, மூட்டையைத் திருப்பச் சொன்னார். அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அதனால் மூட்டையில் அச்சடித்திருந்த ஆங்கிலத்தைக் கடைக்காரரையே படிக்க வைத்தார். அவர் தயங்கித் தயங்கி "ஹாலந்து" என்றார்.

"ஹாலந்து எங்க இருக்கு, பம்பாயி எங்க இருக்கு?"

"எல்லாரும் அப்படித்தான்லா சொல்றாங்க அக்கா. பெரிய வெங்காயம்னா பம்பாய் வெங்காயம்தான். அது இப்ப ஊரு பேரு இல்ல, வெங்காயத்துப் பேரு."

"ஊரு பேரு எப்பலேருந்து வெங்காயத்துப் பேராச்சு? அந்த ஊருக்காரன் கிட்ட கேட்டியா?"

கடைக்காரர் சிரித்தார். பின்னால் காத்து நின்றவர்களும் சிரித்தார்கள். கூடைக்குத் துணையாகப் போயிருந்த நானும்தான் சிரித்தேன். பத்துப் பதினைந்து வருடம் கழித்து, எங்கோ ஜெனீவாவில் கோட் போட்ட ஆட்கள் இதே வாதத்தைச் செய்தார்கள். ஒரு பேர் எல்லார் வாயிலும் புழங்கிவிட்டால் அது பொதுப் பேர், அந்த ஊருக்கு அதில் உரிமை இல்லை என்று. அலுவலகத்தில் அந்த வாதம் இருந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தை எனக்கு உறவு கிடையாது. ரந்தாவ் போகிற சாலையில், கோலா சாவா வருவதற்கு முன்னால் எங்கள் தோட்டம். கம்பெனி கட்டிக்கொடுத்த லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டி நின்ற வீடுகளில், கடைசி வீடு அவருடையது. விடிந்ததும் கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போவார். வெட்டு முடிந்து வந்தால் மாடுகளோடுதான் பொழுது. ஏழெட்டு மாடுகள் வைத்திருந்தார். அந்த மாட்டுப் பாலில் அவர் கடைந்து உருக்கிய நெய்யைத்தான் சிரம்பானில் எட்டாங்கட்டை நெய் என்று தேடி வாங்கினார்கள். லேசான பச்சை கலந்த மஞ்சளாக, மணல் மணலாக உறைந்திருக்கும். மூடியைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும்.

சிரம்பானிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் எட்டாவது மைல்கல் எங்கள் முச்சந்தியில் நின்றது. மைல்கல்லைத்தான் நம் ஆட்கள் கட்டை என்பார்கள். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் எட்டாங்கட்டை என்போம். தோட்டத்துக்கு வேறொரு பேர் இருந்தது, வாசல் பலகையில் ஆங்கிலத்தில். ஸ்காட்லாந்தில் இருக்கிற ஏதோ ஒரு கிராமத்தின் பேராம், முதல் துரை வரும்போதே பெட்டியில் கொண்டு வந்திருப்பார் போல. எங்களில் பாதிப் பேருக்கு அது வாயில் நுழையாது. தோட்டத்துக் கணக்கர் கிராணி மட்டும் அதைச் சொல்லும்போது கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொள்வார்.

எழுபதுகளின் கடைசியில் மைலெல்லாம் கிலோமீட்டர் ஆனது. ரோட்டு வேலைக்காரர்கள் வந்து கட்டையைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, பதின்மூன்று என்று எழுதிய புதுப் பலகையை நட்டார்கள். பஸ் கண்டக்டர் புதுப் பையன், "பதிமூணு, பதிமூணு, எறங்குறவங்க வாங்க" என்று கத்தினான். அத்தை இருக்கையை விட்டு அசையவில்லை.

"அத்தை, நம்ம எடம்தான். எறங்குங்க," என்றேன்.

"அவன எட்டாங்கட்டைன்னு சொல்லச் சொல்லு, எறங்குறேன்."

அவன் சொல்லவில்லை. பஸ்ஸும் நிற்கவில்லை. அத்தை கோலா சாவா வரைக்கும் போய் இறங்கி, வெயிலில் கூடையைச் சுமந்துகொண்டு நடந்தே திரும்பினார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கண்டக்டர் "எட்டாங்கட்டை" என்று கத்தினான். இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டு நாளும் அவரோடு இறங்கி நடந்தவள் நான். எனக்குக் கால் கொப்புளித்துப் போனது.

அவரோடு பழகுவது லேசில்லை. என் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும், "நாங்க சிரம்பான்" என்று ஆரம்பித்தார்கள். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினோம். பாய் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார்.

"சிரம்பான்ல எங்க?"

"சிரம்பான்தான். கொஞ்சம் வெளிய, லாபு பக்கம்."

"லாபுல டவுனா, தோட்டமா?"

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். "தோட்டம்தான்."

"அப்ப லாபு தோட்டம்னு சொல்லுங்க. நாங்களும் தோட்டம்தான். சொல்ல என்னா வெக்கம்?"

என் அம்மா ஒரு மாதம் அத்தையோடு பேசவில்லை. எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் கல்யாணம் முடிந்த பிறகு என் மாமனார் யார் கேட்டாலும் லாபு தோட்டம் என்றே சொல்ல ஆரம்பித்தார். சொல்லிவிட்டு என்னை ஒருமுறை பார்ப்பார்.

அத்தையின் நெய்யைச் சிரம்பானில் விற்றுக் கொடுத்தவர் பாசார் தெருவில் கடை வைத்திருந்த ஒரு வியாபாரி. பேர் வேண்டாம். வாரா வாரம் அவர் கடைக்குப் போத்தல்கள் போகும். அத்தை தன் கையாலேயே சின்னக் காகிதத் துண்டில் "எட்டாங்கட்டை நெய்" என்று எழுதிக் கஞ்சிப் பசையால் ஒட்டுவார். பத்து வருடம் ஒழுங்காக நடந்தது. திடீரென்று ஒரு நாள் வியாபாரி போத்தல் வேண்டாம் என்றார். அடுத்த மாதமே அவர் கடையில் மஞ்சள் டின்கள் அடுக்கடுக்காக வந்து உட்கார்ந்தன. பச்சைப் புல், சிரிக்கிற மாடு, பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எட்டாங்கட்டை நெய். உள்ளே இருந்தது வெளிநாட்டு வெண்ணெயைப் பீப்பாயில் இறக்கிக் கிள்ளானில் எங்கோ உருக்கியது.

அத்தை ஒரு டின்னை வாங்கி, அங்கேயே திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இந்த டின்னுல ஒரு மாடு வரஞ்சிருக்கியே மொதலாளி, அது எந்த லயத்து மாடு?"

"படம்லா அக்கா. சும்மா படம்."

"பேரு?"

வியாபாரி கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மிகவும் அன்பாகத்தான் பேசினார். "அக்கா, இந்தப் பேர ஊரெல்லாம் கொண்டு போனது யாரு? நான்தான். நீங்க எழுதி ஒட்டினீங்க, நான் பதிவு பண்ணினேன். நீங்க பண்ணியிருந்தா ஒங்களுது. இப்ப சட்டப்படி என்னுது."

"நீ எட்டாங்கட்டைல ஒரு நாளு தூங்கி எந்திரிச்சிருக்கியா?"

"அதெல்லாம் சட்டத்துல கேக்க மாட்டாங்கக்கா."

கொஞ்ச நாளில் வக்கீல் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில். நான்தான் படித்துச் சொன்னேன். எட்டாங்கட்டை என்ற பேரில் நெய் விற்கக் கூடாது, எழுதக் கூடாது, வாயால் சொல்லியும் விற்கக் கூடாது, மீறினால் வழக்கு. அத்தை கடிதத்தை வாங்கி, ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் மாதிரி மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "நான் பொறந்த எடத்துப் பேர நான் சொல்லக் கூடாதா?" என்றார். சட்டம் அப்படித்தான் இருந்தது.

"நீ கவருமெண்டு ஆபீசுலதானே இருக்க. ஒங்க ஆபீசுல இதெல்லாம் கேக்க ஆளு இல்லியா?"

இருந்தார்கள். அதுதான் கொடுமை. நான் கோலாலம்பூரில் ஒரு வாணிப அலுவலகத்தில் தட்டெழுத்தாளர். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பிரிவில் பகல் முழுக்க இதே பேச்சுதான். ஊர்ப் பேரோடு விற்கிற பொருட்களுக்கு உலகம் முழுக்கப் பாதுகாப்பு. இப்போது புவிசார் குறியீடு என்கிறார்கள். அன்று அதற்கு எங்களுக்குத் தமிழில் பேரே தெரியாது. ஐரோப்பாக்காரர்கள் தங்கள் ஒயினுக்கும் சாராயத்துக்கும் முழுப் பாதுகாப்பை வாங்கிவிட்டார்கள். அந்த ஊரில் செய்யாத சாராயத்துக்கு அந்த ஊர்ப் பேரைத் தொட்டாலே தப்பு. மற்ற பொருட்கள் என்றால் வாங்குகிறவன் ஏமாந்து போனான் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். எங்கள் அரிசிக்கும் தேயிலைக்கும் மட்டும் ஏன் அரைப் பாதுகாப்பு என்று சில ஏழை நாடுகள் கேட்டுக்கொண்டிருந்தன. நம் நாட்டிலும் அப்படிப் பேர் போன பொருட்கள் என்னென்ன என்று ஒரு பட்டியல் தயாரிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பொருளுக்கு ஒரு படிவம்.

ஒரு காலிப் படிவத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன்.

அத்தை மாட்டுக் கொட்டகையில் சாணி வழித்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நான் கேள்விகளைத் தமிழாக்கிக் கேட்டேன்.

"இந்த நெய்யோட தனிக் குணத்துக்கும் இந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறாங்க."

"நல்ல கேள்விதான். எழுதிக்க. கித்தாக் கன்னு நட்டா மண்ணு ஓடாம இருக்க நடுவுல கொடி படர விடுவான். எங்க மாடு அந்தக் கொடியத் திங்குது. பாலுல எண்ணெ ஏறுது. அந்த மஞ்சளு அதுனால. வேற எடத்துப் பாலுல நானே உருக்கிப் பாத்திருக்கேன், வராது."

"எத்தனை வருஷமா செய்றீங்க?"

"எங்கம்மா செஞ்சாங்க. அவங்களுக்கு முன்னால இங்க காடுதான்."

"ஊர் பேரு?"

"எட்டாங்கட்டை."

"வரைபடத்துல இருக்குற பேரு வேணுமாம்."

அத்தையின் முகம் மாறியது. "வெள்ளக்காரன் அவன் ஊரு பேரக் கொண்டாந்து எங்க ஊருக்கு வச்சானே, அப்ப அவன எவனாவது கேட்டானா? இது ஸ்காட்லாந்தான்னு கேட்டானா?"

நான் எட்டாங்கட்டை என்றே எழுதினேன். அடுத்த கேள்வி நிலம் யாருடையது. கம்பெனி. அதற்கடுத்தது குடியுரிமை. அத்தை உள்ளே போய் அடையாள அட்டையை எடுத்து வந்து என் மடியில் போட்டார். சிவப்பு அட்டை. லயத்தில், மருத்துவச்சி கையில் பிறந்தவர். பிறப்புச் சூரா என்கிற சான்றிதழை எடுக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. ஐம்பது வருடமாக இந்த மண்ணைத் தாண்டாத மனுசிக்கு இந்த நாட்டில் குடியுரிமை இல்லை.

"நெய்யி எந்த ஊருன்னு இவ்ளோ கேக்குறானே, எனக்கு எந்த ஊருன்னு ஒருத்தனும் எழுதிக் குடுக்கல," என்றார்.

பேச்சை மாற்ற, ஒயின், சாராயக் கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"இங்க மட்டும் வேற மாதிரியா? கள்ளுக்கடைக்குத் தொரை சிமெண்டுத் தரை போட்டுக் குடுத்தான். புள்ளைங்க பள்ளிக்கூடம் அத்தாப்பு ஓலைக் கூரையில ஒழுகிக்கிட்டுக் கெடந்துச்சு. சாராயத்துக்கு எப்பவும் ஆளு இருக்கு பாப்பா."

திங்கட்கிழமை படிவத்தைப் பட்டியலோடு சேர்த்து அதிகாரியிடம் கொடுத்தேன். அவரும் தமிழர்தான். ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"என்னம்மா இது? நெய்யி இந்தியாக்காரன் பொருள். நாம போயி அதுக்குப் பேர் கேட்டா சிரிப்பாங்க."

"சார், இந்தியாவுல இந்த நெய் இல்ல. இது இங்க மேயுற மாட்டோட நெய்."

"சரி, எட்டாங்கட்டைன்னா எது? எல்லா ரோட்லயும் ஒரு எட்டாங்கட்டை இருக்குலா. போர்ட்டிக்சன் ரோட்ல இல்லையா?"

"நெய்னு சேத்துச் சொன்னா ஒண்ணுதான் சார். சிரம்பான்ல யாரக் கேட்டாலும் தெரியும்."

"யாருக்குத் தெரிஞ்சு என்ன? மேப்ல இருக்கா? நெலம் கம்பெனிது. செய்யறவங்களுக்குச் செவப்பு அட்டை. பேர் ஏற்கெனவே வேற ஆள் பதிவு பண்ணியாச்சு. அந்த டின் எங்க வீட்டிலயும் இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

சிவப்புப் பென்சிலால் ஒரே கோடு. மிச்சத்தை மறுபடி தட்டச்சு செய்து கொண்டுவரச் சொன்னார்.

தட்டச்சு செய்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது, இடம் மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். அதற்குக்கூடத் துணிச்சல் இல்லை எனக்கு. அத்தையின் நெய் இருந்த வரிக்கு அடுத்த வரியை ஏற்றிப் போட்டேன். இடைவெளியே தெரியவில்லை. சுத்தமாக வந்திருக்கிறது என்று அதிகாரி பாராட்டினார். அந்த ஆளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எட்டாங்கட்டைக்குப் போனேன். அத்தை பாசாரில் தானே கூடை வைத்து விற்கப் போவதாகச் சொன்னார். போத்தல்களில் பழையபடி காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. நான் பயந்துபோனேன். வழக்கு என்று வந்தால் மாடுகளை விற்றுத்தான் வக்கீல் வைக்க வேண்டும், சிவப்பு அட்டைக்காரரை நீதிமன்றத்தில் என்ன பாடு படுத்துவார்களோ தெரியாது என்று எடுத்துச் சொன்னேன். கெஞ்சினேன். கடைசியில் வெந்நீரில் துணியை நனைத்து ஒவ்வொரு போத்தலாக நானே துடைத்தேன். கஞ்சிப் பசை, சட்டென்று விட்டுவிட்டது. அத்தை அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை.

"வாயாலயும் சொல்லாதீங்க அத்தை. அவரு கடை எதுக்கத்தான் இருக்கு. ஆளு வச்சுக் கேக்க வைப்பாரு."

பாசாரில் கூடையை இறக்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நடுத்தர வயதில் ஒரு பெண் வந்தார். கையில் தீபாவளிச் சாமான் பை. ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இது எட்டாங்கட்டை நெய்தானே? எங்கம்மா இதத்தான் வாங்குவாங்க. எத்தன வருசமாச்சு."

அத்தை என்னைப் பார்த்தார். எதிர்க் கடை வாசலில் வியாபாரியின் ஆள் டின்களை அடுக்கிக்கொண்டே இந்தப் பக்கம் காதை வைத்திருந்தான். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"இல்லம்மா," என்றார் அத்தை.

"அப்ப எந்த ஊரு நெய்யி?"

துடைத்த போத்தலை அத்தை விரலால் தடவினார்.

"ஊரெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா நெய்யி."

அந்தப் பெண் போத்தலை மெதுவாகக் கூடையில் வைத்தார். "மன்னிச்சுக்குங்கக்கா, எனக்கு அதுதான் வேணும்," என்று சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து எதிர்க் கடைக்குப் போய் மஞ்சள் டின் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். போகிற வரைக்கும் அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் தோளைத் தொட்டேன். அவர் என் கையை எடுத்து அப்பால் வைத்தார்.

"போயி ஒங்க ஆபீசுல எழுதிக்க," என்றார். "எங்க ஊரு இல்லன்னு என் வாயாலயே சொல்லிட்டேன்."